அடுத்தவங்க உலகத்துல முதல் வாரம்: மல்டிபிளேயர் மைன்கிராஃப்ட் தொடக்கப் பாடம்



இந்த வார எபிசோடில் கேம் சர்வர்கள் எப்படி வேலை செய்யுதுன்னு பேசினோம். மைன்கிராஃப்ட் பற்றி மட்டும் தனியா ஒரு மடல் எழுதுற அளவுக்கு விஷயம் மிச்சம் இருந்தது. அதுதான் இது. விளையாட்டை ஒருமுறைகூடத் தொடாதவங்க மேலிருந்து படிங்க. ஏற்கெனவே தனியா விளையாடிப் பழகினவங்க "எங்கே கட்டுறது?" பகுதியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மைன்கிராஃப்ட் 2009-ல் வெளியில் வந்தது, முழுப் பதிப்பு 2011 நவம்பரில். 2014-ல் மைக்ரோசாஃப்ட் அதை உருவாக்கிய சுவீடன் நிறுவனமான மோயாங்கை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ல் விற்பனை 30 கோடி பிரதிகளைத் தாண்டியதாக அறிவிச்சாங்க. இவ்வளவு பேர் விளையாடுற கேமுக்குத் தொடக்கக் குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா அதில் பெரும்பகுதி "முதல் ராத்திரி எப்படி உயிர் பிழைப்பது" என்பதோடு நின்னுடும். தனியா விளையாட அது போதும்.

மல்டிபிளேயர் வேற. நீங்க நுழையும்போது அந்த உலகத்தில் ஏற்கெனவே யாரோ வீடு கட்டியிருப்பாங்க, வயல் போட்டிருப்பாங்க, சுரங்கம் வெட்டியிருப்பாங்க. நண்பர்கள் சேர்ந்து ஆரம்பிக்கிற சர்வர் ஒண்ணு காலியாகிறது ஸோம்பியாலயோ கிரீப்பராலயோ இல்லை. ஒருத்தர் பெட்டியில் இருந்த வைரம் காணாமப் போகும். யார் எடுத்தாங்கன்னு தெரியாது. ரெண்டு பேர் பேச்சை நிறுத்துவாங்க. மூணாவது ஆள் மெதுவா வர்றதை நிறுத்துவார். அப்புறம் ஒருநாள் அந்த உலகத்தில் யாருமே இருக்க மாட்டாங்க. அதனால இந்தப் பாடத்துக்கு ரெண்டு பாதி: நீங்க எப்படித் தாக்குப்பிடிக்கிறது, அந்த உலகம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது.

முதல்ல, எந்த எடிஷன்?

மைன்கிராஃப்ட்ல ரெண்டு எடிஷன் இருக்கு. ஜாவா எடிஷன் விண்டோஸ், மேக், லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் ஓடும். பெட்ராக் எடிஷன் போன், டேப்லெட், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், ஸ்விட்ச், அப்புறம் விண்டோஸிலும் ஓடும். ஜாவாவில் இருக்கிறவரும் பெட்ராக்கில் இருக்கிறவரும் சாதாரணமா ஒரே உலகத்துக்குள் வர முடியாது. கெய்சர் என்ற கூடுதல் மென்பொருள் போட்ட ஜாவா சர்வர்களுக்குள் பெட்ராக்காரங்க நுழையலாம். ஆனா அதை சர்வர் நடத்துறவர்தான் போட்டிருக்கணும்.

இதை ஏன் முதல்ல சொல்றேன்? லண்டன்ல ஒரு கசின் மேக் வெச்சிருப்பான், டொரொன்டோல ஒரு கசின் ஸ்விட்ச் வெச்சிருப்பா. ரெண்டு பேரும் தனித்தனியா காசு கொடுத்து வாங்கின பிறகுதான் சேர்ந்து ஆட முடியாதுன்னு தெரியவரும். வாங்குறதுக்கு முன்னாடி குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி கேட்டுடுங்க.

இன்னொரு சின்ன விஷயம். ஜாவா எடிஷனின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கு. மொழி உங்க திரைக்கு மட்டும்தான் மாறும், சர்வரில் இருக்கிற மத்தவங்களுக்கு மாறாது. தமிழ் வாசிக்கப் பழகுறவங்களுக்கு இது நல்ல பயிற்சி. பொருளோட படம் பக்கத்திலேயே இருக்கிறதால வார்த்தையை ஊகிக்கிறது சுலபம்.

முதல் 10 நிமிஷம்

விளையாட்டில் ஒரு முழு நாள் என்பது நம்ம கணக்கில் 20 நிமிஷம். அதில் வெளிச்சமான பகல் 10 நிமிஷம்தான். அந்த 10 நிமிஷத்தை இப்படிச் செலவு பண்ணுங்க.

மரத்தைக் கையாலேயே அடிச்சு உடைங்க. ஒரு மரக்கட்டையிலிருந்து 4 பலகை வரும். 4 பலகை சேர்ந்தா கிராஃப்டிங் டேபிள். 3 பலகை, 2 குச்சி இருந்தா மர பிக்ஆக்ஸ். அதை வெச்சு 3 கல் வெட்டினதும் கல் பிக்ஆக்ஸ் செஞ்சுடுங்க. மரக் கருவியோட வேலை அத்தோட முடிஞ்சது. இன்னும் 8 கல் வெட்டினா ஃபர்னஸ். கரி கிடைச்சா ஒரு கரியும் ஒரு குச்சியும் சேர்த்து 4 டார்ச். கரி கண்ணில் படலையா? மரக்கட்டையை ஃபர்னஸில் சுட்டா மரக்கரி வரும், அதுவும் அதே வேலையைச் செய்யும்.

டார்ச் எதுக்குன்னு புரிஞ்சுக்கிறது முக்கியம். 2021-ல் வந்த 1.18 பதிப்பிலிருந்து, பெரும்பாலான அரக்கர்கள் டார்ச் மாதிரியான விளக்குகளின் வெளிச்சம் சுத்தமா பூஜ்யமா இருக்கிற இடத்தில்தான் தோன்றும். டார்ச்சோட வெளிச்சம் 14. ஒவ்வொரு பிளாக் தள்ளிப் போகப்போக ஒண்ணு குறையும். அதாவது வீட்டைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு பிளாக்குக்கு ஒரு டார்ச் வெச்சாலே பெரும் பகுதி பாதுகாப்பு.

மல்டிபிளேயரில் இந்த 10 நிமிஷத்துக்குள்ளேயே ரெண்டு நாகரிகம் இருக்கு. மரத்தை வெட்டினா முழுசா வெட்டுங்க. அடியை மட்டும் வெட்டிட்டு மேல்பாதியை அந்தரத்தில் தொங்க விட்டுட்டுப் போற ஆளை எல்லா சர்வர்லயும் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். கீழே விழுற மரக்கன்றைத் திரும்ப நட்டுடுங்க. ரெண்டாவது, வேறொருவர் வயலில் கோதுமை எடுத்தா, விளைஞ்சதை மட்டும் எடுத்து, அதே இடத்தில் விதையைப் போடுங்க. வயல் மண்ணில் குதிக்காதீங்க, குதிச்சா உழுத மண் பாழாகிடும்.

படுக்கையும் அதன் கணக்கும்

3 கம்பளி, 3 பலகை இருந்தா படுக்கை. ராத்திரியைத் தாண்டுறது அதோட ஒரு வேலைதான். செத்துப்போனா நீங்க மறுபடி முளைக்கிற இடத்தை மாத்துறது அதைவிடப் பெரிய வேலை. கடைசியா எந்தப் படுக்கையைப் பயன்படுத்துனீங்களோ, அங்கேதான் முளைப்பீங்க. அந்தப் படுக்கையை யாராவது உடைச்சிட்டா, அல்லது சுத்தி அடைச்சிட்டா, உலகத்தின் ஆரம்ப இடத்துக்கே போயிடுவீங்க.

இதில் புதுசா வர்றவங்க மாட்டுற இடம்: நண்பர் வீட்டுக்குப் போய் அங்கே ஒரு ராத்திரி தூங்கினா, உங்க முளைக்கிற இடம் அவர் வீடாயிடும். அடுத்த நாள் ஆயிரம் பிளாக் தள்ளி நீங்க செத்தா, உங்க வீட்டில் எழுந்திருக்க மாட்டீங்க. அதனால வீடு திரும்பினதும் முதல் வேலையா உங்க படுக்கையை ஒருமுறை கிளிக் பண்ணுங்க. பகலாக இருந்தாலும் இடம் பதிவாகிடும். நெதர் உலகத்தில் படுக்கையைத் தொடாதீங்க, அது வெடிக்கும்.

அடுத்தது, தூங்குறது ஒரு கூட்டு முடிவு. ஜாவாவில் இயல்பான அமைப்பின்படி, மேலுலகத்தில் இருக்கிற எல்லாரும் ஒரே நேரத்தில் படுத்தால்தான் ராத்திரி கழியும். ஒருத்தர் சுரங்கத்தில் மும்முரமா வைரம் தேடிட்டு இருந்தா, மத்த அஞ்சு பேரும் படுக்கையில் காத்திருக்கணும். எத்தனை சதவீதம் பேர் தூங்கினால் போதும்னு மாத்த ஒரு கேம் ரூல் 1.17-லேயே வந்தாச்சு. சர்வர் நடத்துறவர்கிட்ட கேட்டு மாத்திக்கலாம். அதுக்காக நீங்க தூங்காமலேயே இருந்துடவும் கூடாது. விளையாட்டுக் கணக்கில் 3 நாள், அதாவது ஒரு மணி நேரம், தூங்கலைன்னா வானத்திலிருந்து ஃபேன்டம் வந்து தாக்கும். இந்தக் கணக்கு ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி.

முதல் 7 இரும்பு

இரும்பு கிடைச்சதும் எல்லாரும் வாள் அல்லது கவசம் பக்கம் போவாங்க. என் சிபாரிசு வேற. முதல் 7 இரும்புக் கட்டியை இப்படிப் பிரிங்க: கேடயத்துக்கு 1 (கூட 6 பலகை), பக்கெட்டுக்கு 3, பிக்ஆக்ஸுக்கு 3.

கேடயம் எலும்புக்கூட்டின் அம்பையும் கிரீப்பரின் வெடிப்பையும் தடுக்கும். தண்ணி நிரப்பின பக்கெட் இருந்தா லாவாவைக் கல்லாக்கலாம், தீயை அணைக்கலாம், உயரத்திலிருந்து இறங்கலாம். வைரத்தை வெட்டி எடுக்கக் குறைஞ்சது இரும்பு பிக்ஆக்ஸாவது வேணும். கல் பிக்ஆக்ஸால் வெட்டினா வைரம் உடைஞ்சு ஒண்ணுமில்லாமப் போயிடும்.

எங்கே தேடுறது? உயரத்தைக் காட்டுற எண் ஒய். நிலத்தடியில் இரும்பு அதிகம் கிடைக்கிறது ஒய் 16 சுற்றுவட்டாரத்தில். வைரம் கீழே போகப்போக அதிகமாகும், ஒய் மைனஸ் 59 பக்கத்தில் தேடுங்க. ஆனா மைனஸ் 54-க்குக் கீழே குகைகளெல்லாம் லாவாவால் நிரம்பியிருக்கும். நேராக் கால் அடியில் தோண்டவே தோண்டாதீங்க. ரெண்டு பிளாக் நடுவில் நின்னு ஒவ்வொண்ணா தோண்டுறது, அல்லது படிக்கட்டு மாதிரி இறங்குறது, ரெண்டில் ஒண்ணு.

செத்தா என்ன ஆகும்?

செத்த இடத்தில் உங்க பொருளெல்லாம் சிதறிக் கிடக்கும். 5 நிமிஷத்தில் மறைஞ்சிடும். ஆனா அந்த 5 நிமிஷம் நீங்க நினைக்கிற 5 நிமிஷம் இல்லை. அந்தப் பகுதி சர்வரில் ஏற்றப்பட்டு ஓடிட்டு இருக்கும்போது மட்டும்தான் கடிகாரம் ஓடும். யாருமே பக்கத்தில் இல்லைன்னா கடிகாரம் நின்னுடும். நீங்க தூரத்துப் படுக்கையில் முளைச்சு நிதானமா நடந்து போகலாம். பக்கத்தில் வேற ஆள் விளையாடிட்டு இருந்தா ஓடிட்டே இருக்கும்.

அதனால செத்ததும் மூணு வேலை. திரையில் இருந்த கோஆர்டினேட்டைக் குறிச்சுக்குங்க. சாட்டில் "என் பொருள் இங்கே கிடக்கு, பக்கத்தில் யார் இருக்கீங்க, எடுத்து வைங்க"ன்னு கேளுங்க. அடுத்தவர் செத்து, பொருள் உங்க கண்ணில் பட்டா, ஒரு பெட்டியில் போட்டு அவர் பேரை எழுதி வைங்க. ஒரு சர்வரில் உங்க பேர் நல்லபடியா பரவ இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

கோஆர்டினேட் பார்க்க, ஜாவாவில் எஃப் 3 பொத்தான். பெட்ராக்கில் உலக அமைப்புகளில் அதைக் காட்டும் வசதியை ஆன் செய்யணும். வீடு, சுரங்க வாசல், நெதர் வாசல், இந்த மூணையும் போனில் குறிச்சு வைங்க.

எங்கே கட்டுறது?

நான் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவன். ஆறு மாசத்துக்கு ஒருமுறை புது டீம், புது கோட். முதல் வாரம் எதையும் மாத்தாம வாசிச்சுப் பார்க்கிறதுதான் எங்க தொழிலில் எழுதப்படாத சட்டம். யாருமே பயன்படுத்தலைன்னு நினைச்சு நீக்குற ஒரு வரி மேலதான் வேற நாலு விஷயம் நின்னுட்டு இருக்கும். மைன்கிராஃப்ட் சர்வரும் அதே மாதிரிதான். வெறும் குழின்னு நீங்க மூடுறது ஒருத்தரோட பாதி முடிஞ்ச ஸோம்பிப் பண்ணையா இருக்கலாம். அனாதையாத் திரியற கிராமத்து ஆள்னு நீங்க படகில் ஏத்திக் கொண்டுபோறவரை, ஒருத்தர் ரெண்டு நாள் வியாபாரம் பண்ணி வளர்த்திருக்கலாம்.

ஆகவே முதல் நாள் சுத்திப் பாருங்க. பாதைகள் எங்கே போகுது, யார் வீடு எங்கே இருக்குன்னு பாருங்க. பிறகு சாட்டில் கேளுங்க: "இங்கே கட்டலாமா?" பதில் வர்ற வரைக்கும் ஒரு சின்னக் கல் அறை போதும். பக்கத்து வீட்டுக்காரர் வரச்சொன்னாலொழிய, 200 பிளாக்காவது தள்ளிப் போங்க. அவர் வீட்டைப் பெரிசாக்க இடம் வேணும், உங்களுக்கும் வேணும். எல்லையை ஒரு வேலியாலோ பலகையாலோ காட்டுங்க.

நெதர் வாசல் கட்டும்போதும் கேட்டுட்டுக் கட்டுங்க. நெதரில் 1 பிளாக் நடந்தா மேலுலகத்தில் 8 பிளாக் நடந்த கணக்கு. நூறு பிளாக் இடைவெளியில் ரெண்டு பேர் தனித்தனி வாசல் கட்டினா, ரெண்டும் உள்ளே ஒரே வாசலில் போய்ச் சேரும். திரும்பி வரும்போது அடுத்தவர் வீட்டு வாசலில் வந்து நிப்பீங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரு வாசல், அதிலிருந்து நெதருக்குள்ளே பாதை போட்டுக்கிறது எளிமை.

கிரீப்பர் வெடிச்சுப் பள்ளமானா, அது யார் இடமா இருந்தாலும் பார்த்தவர் மண்ணைப் போட்டு மூடிடணும். யாரும் கேட்க மாட்டாங்க. ஆனா ஒரு மாசம் கழிச்சு எல்லாரும் மூடுற சர்வரையும் யாரும் மூடாத சர்வரையும் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

பெட்டிக்குப் பூட்டு இல்லை

கூடுதல் மென்பொருள் எதுவும் போடாத சர்வரில் பெட்டியை யார் வேணும்னாலும் திறக்கலாம். கதவும் அப்படித்தான். யார் திறந்தாங்கன்னு திரையில் எங்கேயும் காட்டாது. அந்த உலகத்தில் சொத்து என்பதே அடுத்தவர் எடுக்க மாட்டார்ங்கிற நம்பிக்கைதான்.

பெரும்பாலான சண்டை திருட்டால் வர்றதில்லை, தெளிவில்லாததால் வருது. "எல்லாருக்கும் பொதுன்னு நினைச்சேன்" என்று ஒருத்தர் சொல்லுவார். அவர் பொய் சொல்லலை. பெட்டியில் எதுவும் எழுதியிருக்காது. ஆகவே முதல் நாளே மூணு வகையா பிரிச்சுப் பலகை மாட்டுங்க.

பொது: யார் வேணும்னாலும் எடுக்கலாம், முடிஞ்சா திரும்பப் போடலாம். கல், மரம், சாப்பாடு எல்லாம் இதில்.

கடன்: எடுக்கலாம், ஆனா எழுதி வைக்கணும். இதுக்கு ஒரு லெக்டர்ன் மேல் புத்தகம் வைங்க. யார், எவ்வளவு, எப்போ என்று ஒரு வரி. அந்த ஊர்க் கணக்குப் புத்தகம் சில மாசம் கழிச்சு வாசிக்க நல்லா இருக்கும்.

சொந்தம்: பேர் எழுதினது. தொடக்கூடாது.

உண்மையிலேயே யாரும் தொடக்கூடாத பொருள் இருந்தா, என்டர் செஸ்ட் இருக்கு. 8 அப்சிடியன், ஒரு ஐ ஆஃப் என்டர் வெச்சுச் செய்யலாம். அதில் நீங்க வைக்கிறது உங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அதே பெட்டியை அடுத்தவர் திறந்தா அவர் பொருள்தான் அவருக்குத் தெரியும். முதல் வாரத்தில் கிடைக்காது. கிடைக்கும்போது வைரத்தை அதில் வைங்க. பொதுப் பெட்டியில் வெச்சு நண்பர்களைச் சோதிக்க வேண்டாம்.

விதியே இல்லாத சர்வர்களும் உண்டு. 2பி2டி என்ற ஜாவா சர்வர் 2010 டிசம்பரிலிருந்து ஓடுது. அங்கே எதை வேணும்னாலும் உடைக்கலாம், திருடலாம். ஆரம்ப இடத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான பிளாக்குக்குப் பாழ்நிலம்தான். அங்கே நிலைச்சு வாழணும்னா யாருக்கும் தெரியாத தூரத்துக்குப் போகணும். மறுபக்கம் 2012-ல் ஆரம்பிச்ச ஹெர்மிட்கிராஃப்ட். அழைக்கப்பட்டவங்க மட்டும் விளையாடுற சர்வர். அங்கே கடைகளைத் திறந்து வெச்சுட்டு, விலையை எழுதிப் போட்டுட்டுப் போயிடுவாங்க. வாங்குறவர் தானா வைரத்தைப் போட்டுட்டுப் பொருளை எடுப்பார். ரெண்டு இடத்திலும் ஓடுறது அடிப்படையில் அதே விளையாட்டுதான். மாறுறது உள்ளே யாரை விடுறாங்க, உள்ளே வந்தவங்க என்ன ஒத்துக்கிட்டாங்க என்பது.

சர்வர் சொல்றதுதான் உண்மை

எபிசோடில் தொட்ட விஷயத்தை இங்கே கொஞ்சம் விரிக்கிறேன். நீங்க ஒரு பிளாக்கை உடைச்சீங்க. உடைஞ்சது. ஒரு நொடி கழிச்சு அதே இடத்தில் திரும்ப வந்து நிக்குது. ஏன்?

உங்க திரையில் நடக்கிறது உங்க கம்ப்யூட்டரோட ஊகம். பிளாக் உடைஞ்சதுன்னு அது முன்கூட்டியே காட்டிடும். உண்மையான உலகம் சர்வரில் மட்டும்தான் இருக்கு. செய்தி அங்கே போய், சர்வர் சரிபார்த்து, "ஆமாம்" அல்லது "இல்லை" சொல்லணும். இல்லைன்னு சொன்னா உங்க திரை திருத்திக்கும். அந்தத் திருத்தம்தான் திரும்பி வந்த பிளாக்.

சர்வர் ஒரு நொடியில் 20 தடவை உலகத்தைக் கணக்கிடும். ஒவ்வொரு தடவையும் ஒரு டிக், 50 மில்லிசெகண்ட். அதுக்குள்ள எல்லா மாடும் கோழியும் நகரணும், எல்லாப் பயிரும் வளரணும், எல்லா இயந்திரமும் ஓடணும். 50-க்குள் முடியலைன்னா டிக் தள்ளிப்போகும், எல்லாருக்கும் விளையாட்டு மெதுவாகும். ஒரே தொழுவத்தில் முந்நூறு கோழி வளர்க்கிறவர் எல்லாருடைய நேரத்தையும் சேர்த்துத்தான் சாப்பிடுறார். இருபது முப்பது போதும்.

தூரமும் ஒரு கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். லண்டனுக்கும் சிட்னிக்கும் நேர்கோட்டில் சுமார் 17,000 கிலோமீட்டர். போய்வர குறைஞ்சது 170 மில்லிசெகண்ட், மூணு டிக்குக்கு மேல. எவ்வளவு காசு கொடுத்து இன்டர்நெட் வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. நம்ம குடும்பங்கள் நாலு கண்டத்தில் இருக்கு. சர்வரை ஒருத்தர் வீட்டுக்குப் பக்கத்தில் வைக்காம, நடுவில் வைக்கிற இடத்தில் வாடகைக்கு எடுங்க. லண்டன், சென்னை, சிட்னின்னா சிங்கப்பூர் நல்ல நடு. வீடு கட்டுறதுக்கு 170 மில்லிசெகண்ட் ஒண்ணும் செய்யாது. வாள் சண்டையில்தான் தெரியும்.

சர்வர் நடத்தப் போறீங்களா?

உங்களில் யாராவது ஒருத்தர் இதைச் செய்வீங்க, தெரியும். சுலபமான வழி ரியல்ம்ஸ். மாதச் சந்தா, உங்களோட சேர்த்து 11 பேர் வரைக்கும் ஒரே நேரத்தில் ஆடலாம், நீங்க ஆஃப்லைனில் இருந்தாலும் உலகம் திறந்திருக்கும், பேக்கப்பும் தானா எடுக்கும். நீங்களே நடத்தினா நாலு விஷயம் கட்டாயம்.

ஒண்ணு, ஒயிட்லிஸ்ட். ஜாவா சர்வரில் இது இயல்பாக ஆஃபில் இருக்கும். ஆன் செஞ்சு, பேர் சேர்த்தவங்களை மட்டும் உள்ளே விடுங்க. இன்டர்நெட் முழுக்க திறந்திருக்கிற சர்வர்களைத் தேடிட்டே இருக்கிற புரோகிராம்கள் இருக்கு. முகவரி யாருக்கும் தெரியாதுன்னு நம்பி இருக்காதீங்க.

ரெண்டு, அப்டேட். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. உலகத்தில் பாதி நிறுவனங்கள் அந்த வாரம் தூங்கலை. அது முதலில் பரவலா கண்ணில் பட்ட இடங்களில் ஒண்ணு மைன்கிராஃப்ட். சாட்டில் ஒரு குறிப்பிட்ட வரியை டைப் செஞ்சாலே சர்வரில் வேற ஆளோட கோடை ஓட வைக்க முடிஞ்சது. 1.18.1-ல் அதைச் சரி செஞ்சாங்க. பழைய பதிப்பில்தான் ஆடணும்னு அடம்பிடிக்கிற நண்பருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க.

மூணு, வீட்டு ஐபி முகவரியைப் பொதுவில் போடாதீங்க. 2016-ல் கேமரா, ரவுட்டர் மாதிரியான சாதனங்களை லட்சக்கணக்கில் கைப்பற்றின மிராய் பாட்நெட்டை எழுதினது மூணு அமெரிக்க இளைஞர்கள். அவங்களுக்கு இதில் வந்த ஆர்வம் மைன்கிராஃப்ட் சர்வர் வியாபாரத்தில் ஒருத்தர் சர்வரை ஒருத்தர் முடக்குற போட்டியோட சேர்ந்தது. 2017-ல் குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. உங்க வீட்டு இணைப்பு முடங்கினா, அம்மாவோட ஆபீஸ் மீட்டிங்கும் சேர்ந்துதான் முடங்கும்.

நாலு, பேக்கப். உலகம் என்பது வெறும் ஒரு ஃபோல்டர். சர்வரை நிறுத்திட்டு அதை வேற இடத்துக்குக் காப்பி செஞ்சா பேக்கப் ஆச்சு. வாரத்துக்கு ஒண்ணு, கடைசி நாலு வாரத்தை வெச்சிருங்க. பிளகின் போட முடிஞ்சா கோர்ப்ரொடெக்ட் போடுங்க. எந்தப் பிளாக்கை யார் எப்போ மாத்தினாங்க, எந்தப் பெட்டியிலிருந்து யார் எடுத்தாங்கன்னு அது பதிவு செய்யும், பழையபடி திருப்பவும் முடியும். இதைப் போட்டிருக்குன்னு எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிடுங்க. தெரியாம வெச்ச கேமரா நம்பிக்கையை வளர்க்காது.

பிரச்சினை வந்தா

வரும். ஒருத்தர் வீட்டுக்கு இன்னொருத்தரோட தம்பி டிஎன்டி வெச்சுடுவான். அப்போ முதல்ல பேக்கப்பிலிருந்தோ பதிவிலிருந்தோ உடைஞ்சதைத் திருப்பிக் கட்டுங்க. விசாரணை அப்புறம். உடைஞ்ச வீட்டைப் பார்த்துக்கிட்டே பேசினா யாருக்கும் நிதானம் இருக்காது. வீடு திரும்பி நின்ன பிறகு பேசினா, பத்து வயசுப் பையன் செஞ்ச விஷயம் பத்து வயசுப் பையன் செஞ்ச விஷயமா மட்டும் தெரியும்.

பேசும்போது பொதுச் சாட்டில் பேரைச் சொல்லிக் கேக்காதீங்க. தனியா கேளுங்க. சாட்டில் குரல் தெரியாது, முகம் தெரியாது. "யார் எடுத்தீங்க?" என்ற கேள்வி எழுத்தில் எப்பவும் கோபமாத்தான் தெரியும். முடிஞ்சா ஒரு வாய்ஸ் காலில் பேசிடுங்க.

தெரியாதவங்க இருக்கிற பொதுச் சர்வரில் ஆடுறீங்கன்னா உங்க உண்மைப் பேர், பள்ளிக்கூடம், ஊர் எதையும் சாட்டில் போடாதீங்க. தம்பி தங்கைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க.

கடைசியா ஏன் இவ்வளவு நீட்டினேன்னு சொல்லிடறேன். நம்மில் பலருக்கு கசின்களோட சேர்ந்து இருக்கிறது கல்யாணத்துக்கோ, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற லீவுக்கோதான். வாட்ஸ்அப் குரூப்பில் "ஹேப்பி பர்த்டே"க்கு மேல பேச விஷயம் கிடைக்காது. ஒரே உலகத்தில் வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் சேர்ந்து கிணறு வெட்டினா, பாலம் போட்டா, பேச விஷயம் தானா வரும். அந்த உலகம் ரெண்டு வாரத்தில் காலியாகாம இருக்கணும், அவ்வளவுதான்.

இந்த வார வேலை

1. கூட ஆடப் போறவங்க எல்லாரும் எந்த எடிஷன்னு கேட்டு எழுதுங்க.
2. படுக்கை, கேடயம், தண்ணி பக்கெட், இந்த மூணும் கையில் வர்ற வரைக்கும் ஆழமான குகைக்குள் போகாதீங்க.
3. வீட்டுக் கோஆர்டினேட்டைக் குறிச்சு வைங்க.
4. உங்க பெட்டிகள் எல்லாத்திலும் பொது, கடன், சொந்தம்னு பலகை மாட்டுங்க.
5. உங்களுடையது அல்லாத ஒரு கிரீப்பர் பள்ளத்தையாவது மூடுங்க.

செஞ்சுட்டு எப்படிப் போச்சுன்னு இந்த மடலுக்கே பதில் போடுங்க. பலகையில் என்ன எழுதினீங்கன்னும் சொல்லுங்க, தமிழில் எழுதினா இன்னும் சந்தோஷம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.